மெத்தைக்குள் தைத்த மனு

"உங்க போப்பு தப்பே பண்ண மாட்டாராமே, நிஜமாவா?"

"யார் சொன்னா?"

"எங்க அப்பா. மேடையில நின்னு மைக்கிலயே சொன்னார்."

"உங்க அப்பா தப்பே பண்ண மாட்டாரோ?"

"பண்ணுவார். ஒத்துக்கத்தான் மாட்டார்."

"அப்படின்னா எங்க போப்பு எவ்வளவோ தேவலை. அவரும் முழங்கால் போட்டு, இன்னொரு சாமியார்கிட்ட தன் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றார். தப்பே பண்ணாதவருக்கு அது எதுக்கு?"

இருபத்துமூன்று வருஷங்களுக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கிய ஒரு பஸ் நிழற்குடையில் நடந்த பேச்சு இது. கேட்டவன் தச்சன், சீர்திருத்தச் சபைப் போதகரின் மகன். பதில் சொன்னவள் சோபாக் கடையில் மெத்தை தைத்துக்கொண்டிருந்த கத்தோலிக்கப் பெண். ஊசி என்பது கடையில் அவளுக்கு வைத்த பெயர். தொழிலைப் பார்த்து வைத்தார்களா, வாயைப் பார்த்து வைத்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு மழை விடுவதாக இல்லை. ஊசி அவனுக்கு மறைக்கல்வி வகுப்பே எடுத்துவிட்டாள். போப்பாண்டவர் மனுஷர்தான், காலநிலை பற்றிச் சொன்னால் தப்பலாம், அரசியல் பற்றிச் சொன்னாலும் தப்பலாம். ஆனால் பேதுருவின் இடத்தில் இருக்கிற மேய்ப்பராக, விசுவாசத்தைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ, திருச்சபை முழுவதும் ஏற்க வேண்டியது இது என்று அவர் அறுதியாக ஒன்றை அறிவிக்கும்போது, அவரை வழுக்க விடாமல் கடவுள் பிடித்துக்கொள்கிறார். அதற்குப் பெயர் வழுவா வரம். அது அவருடைய சாமர்த்தியம் இல்லை. கொடுத்து வைத்த வாக்கு.

"பந்து விளையாட்டுல யார் ஜெயிப்பாங்கன்னு சொன்னா?" என்று தச்சன் கேட்டான்.

"அதுல அவரும் உங்களை மாதிரிதான். தோத்துப்போற கட்சியைத்தான் பிடிப்பார்."

தச்சன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கிழவர் குடையைக் கீழே போட்டுவிட்டார். மறுவருஷம் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இப்போது, பட்டறை வாசலில் நின்ற பாதிரியார் தோல்பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து இழைப்பு மேசைமேல் விரித்தபோது, ஊசிக்கு அந்த நிழற்குடைதான் ஞாபகம் வந்தது. திருத்தந்தை போப்பாண்டவர் இந்த ஊருக்கு வரப்போகிறார், திறந்தவெளியில் திருப்பலிப் பூசை நிறைவேற்றப்போகிறார் என்ற செய்தி இரண்டு மாதமாக ஊரையே கலக்கிக்கொண்டிருந்தது. மேடை ஏற்பாடுகளைக் கவனிக்கிற பாதிரியார் இவர். வந்த விஷயம் ஒரு நாற்காலி.

"ஃபாதர், ஆள் மாறி வந்துட்டீங்க போலிருக்கு," என்றான் மாஸ்டர். தச்சன் இப்போது மாஸ்டராகியிருந்தான். நான்கு பேர் வேலை செய்யும் சொந்தப் பட்டறை. "நான் உங்க சபை இல்ல. போதகர் பெத்த பிள்ளை."

"நான் மரத்துக்கு ஞானஸ்நானம் கேட்டேனா?" என்றார் பாதிரியார். "ஆஸ்பத்திரியில வயசானவங்களுக்கு நீங்க செஞ்ச நாற்காலிங்களைப் பார்த்தேன். ஒரு வாரம் எங்கம்மா பக்கத்துல அதுல உட்கார்ந்திருந்தேன். அப்பவே இந்தப் பட்டறை அட்ரஸை எழுதி வெச்சுக்கிட்டேன்."

மாஸ்டர் பென்சிலை எடுத்துக் காதில் செருகினான். அப்படிச் செருகினால் வேலையை எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். மூலையில் நின்ற பாலிஷ்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாக, "மாஸ்டர், ஒரு சந்தேகம். போப்பு தப்பே பண்ண மாட்டார்னு சொல்றாங்க. நாற்காலி ஆடிச்சுன்னா அப்ப தப்பு யாரோடது?" என்றார்.

"உன்னோடது," என்றான் மாஸ்டர்.

பாதிரியார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வரைபடத்தில் விரலை வைத்து, "ஒண்ணே ஒண்ணு. சிம்மாசனம் வேண்டாம். சிங்கத் தலை, கிரீடம், தங்க முலாம் எதுவும் கூடாது," என்றார்.

"நூறு கோடிப் பேருக்கு மேல தலைவர்னு சொல்றீங்க. அப்புறம் என்ன ஃபாதர், வாத்தியார் நாற்காலி மாதிரி கேக்கறீங்க?"

"அவருக்கு இருக்கிற பட்டங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? கடவுளுடைய ஊழியர்களுக்கெல்லாம் ஊழியர். அந்த ஆள் உட்கார்ற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க."

மாஸ்டர் அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிடித்திருந்தது என்பது ஊசிக்குத் தெரிந்தது. உலகத்தில் எத்தனையோ தச்சர்கள் இருக்க, அந்த நாற்காலி தன் புருஷன் கையால் எழப்போகிறது! தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவும் செய்தாள். கறிகாய்க்காரியிடம் இரண்டு தடவை.

ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் இன்னொரு விஷயம் கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். போதகர், "ரோமைக் கும்பிடுகிறவள் என் மருமகளா?" என்று குதித்தார். ஊசியின் வீட்டிலும் அதே குதி, எதிர்த் திசையில். அலறல் தாங்காமல் இருவரும் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து படியில் நின்றபோது தச்சன் சொன்னான்: "நான் உன்னை என் சபைக்குக் கூப்பிட மாட்டேன். நீயும் என்னை உன் கோயிலுக்குக் கூப்பிடாதே. ரெண்டு வீட்டுச் சண்டையும் நம்ம வாசலோட நிக்கட்டும்." அவள் சரி என்றாள். அந்த வயதில் அது உலகத்திலேயே அழகான பேச்சாகத் தோன்றியது.

மறுநாள் ஊசியின் பெரியம்மா வந்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவள். அவள் சொன்னால் பங்குத்தந்தையே எதிர்த்துப் பேச யோசிப்பார். உட்காரக்கூட இல்லை. "கோயில்ல நடக்காத கல்யாணம், கல்யாணம் இல்லடி. இனி உனக்கு நற்கருணை கிடையாது. சாமியாராலயும் சரி பண்ண முடியாது, அவருக்கு மேல இருக்கிற ஆயராலயும் முடியாது. வேத்து சபைக்காரனைக் கட்டினவளுக்கு ரோமிலிருந்து பாப்பரசரே கையெழுத்துப் போட்டு அனுப்பணும். சாவி அவர் கையில," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபத்தில் சொன்னதில்லை அது. அப்படித்தான் சட்டம் என்று அவள் மெய்யாகவே நம்பியிருந்தாள்.

ஊசியும் நம்பினாள். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து வரிசையில் போகும்போது, முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டாள். முடிவதற்குள் வெளியே வந்துவிடுவாள். பாதிரியார்கள் எட்டுப் பேர் மாறிப் போனார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்பதென்றால், "நானும் என் புருஷனும் கோயில் கணக்கில் கல்யாணமாகாதவர்கள்" என்று வாயால் சொல்ல வேண்டும். எந்த மனிதனைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாளோ, அவனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

புருஷனிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் நினைத்தாள். ரோமுக்கு எட்டாத விஷயத்துக்கு இவன் என்ன செய்வான்? அதோடு வாக்கு கொடுத்திருந்தாள். கொடுத்த வாக்கை மீறாதவள் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம்.

இப்போது ரோமே வீடு தேடி வந்திருக்கிறது.

நாற்காலி வேலை ஐந்து வாரம் நடந்தது. மாஸ்டர் மற்ற எல்லா ஆர்டரையும் ஓரம் கட்டினான். ஒரே மரத்திலிருந்து அறுத்த தேக்குப் பலகைகள்; ஆணி ஒன்றுகூட இல்லாமல் மூட்டுகள். அவன் கவலையெல்லாம் கைப்பிடியின் உயரத்தில்தான் இருந்தது. "உட்கார்றது பெரிய விஷயமில்ல. வயசானவங்களுக்கு எழுந்திருக்கத்தான் நாற்காலி," என்பான். முழங்கால் வலிக்காரரான பாலிஷ்காரரைப் பிடித்து ஒரு நாளைக்கு இருபது தடவை உட்காரவைத்து எழுப்பினான்.

"மாஸ்டர், போப்புக்கு முழங்கால் வலிக்கக்கூடாதுன்னு என் முழங்காலை வாங்கறீங்களே, இது எந்த வேதத்துல இருக்கு?"

"பேசாம எழுந்திரு. முன்னால சாயறியா, நேரா எழுந்திரிக்கிறியா?"

"அழுதுக்கிட்டே எழுந்திரிக்கிறேன்."

முதுகுப்பலகையைப் பதினொரு தடவை இழைத்தான். ஏழாவது தடவை நன்றாகத்தான் இருந்தது என்று ஊசி சொன்னாள். "நல்லா இருந்தா போதாது. அந்த மனுஷன் மூணு மணி நேரம் உட்காரணும். அவரை நான் ஒத்துக்கிறேனா இல்லையாங்கறது வேற. என் நாற்காலியில உட்கார்ந்து முதுகு வலிச்சுதுன்னு ஒருத்தர் சொல்லக் கூடாது," என்றான். இந்த மனிதனை நினைத்தால் அவளுக்குச் சில சமயம் சிரிப்பு வரும், சில சமயம் கண் நிறையும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

மெத்தை அவள் பொறுப்பு. வெள்ளைத் துணி, கண்ணுக்குத் தெரியாத தையல். பாதிரியார் சொன்ன அளவுக்கு ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லாமல் வெட்டினாள். கடைசிப் பக்கத்தை மூடும் முன், ஒரு மத்தியானம், பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, நான்காக மடித்த ஒரு காகிதத்தை இடது கை ஓரமாக ஸ்பாஞ்சுக்கும் துணிக்கும் நடுவில் வைத்தாள். அந்த இடத்தில் மட்டும் தையலைத் தளர்த்தி, விரல் நுழைகிற அளவுக்கு வாய் விட்டு, காகிதத்தின் ஒரு நுனி விரலுக்கு எட்டும்படி உள்ளேயே விட்டாள். நெரிசலில் கைநீட்டிக் கொடுத்தால் காவல்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். தபாலில் போட்டால் யாரோ குமாஸ்தா படிப்பார். ஆனால் உட்கார்ந்திருக்கிற மனிதரின் கை, தற்செயலாக இடது ஓரத்தைத் தடவினால்? காகிதம் தட்டுப்பட்டால்? பேதுருவின் இடத்தில் இருப்பவர், பேசுகிற ஆசனத்திலேயே அவள் மனு! இதைவிட நேரான வழி வேறு என்ன இருக்க முடியும்?

நான்கு இரவு யோசித்து எழுதிய மனு அது.

மறுநாள் மாஸ்டர் நாற்காலியைச் சோதித்தான். அவன் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்து பார்க்காத நாற்காலி வாசலைத் தாண்டாது. கண்ணை மூடி, கால் மணி நேரம், பேசாமல் உட்காருவான். ரசமட்டத்தில் தெரியாத கோணல் தன் இடுப்பில் தெரியும் என்பான்.

"அதுல போய் உட்கார்றீங்களா?" என்று பதறினாள் ஊசி. "அவர் உட்கார்ற இடங்க!"

"அவர் உட்கார்றதுக்கு முன்னாடி நான் உட்காரலன்னா, அவர் விழுந்தா நீ போய்த் தூக்குவியா?"

உட்கார்ந்தான். கண்ணை மூடினான். ஐந்து நிமிஷம் போயிருக்கும். அவனுடைய இடது கை கீழே இறங்கி, மெத்தையின் ஓரத்தைத் தடவியது.

"இங்க என்னமோ மேடா இருக்கு."

"ஸ்பாஞ்சு மடிப்பா இருக்கும்."

"உன் வேலையில மடிப்பா?" அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, வெறும் ஆச்சரியம். அதுதான் அவளைக் குத்தியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தைத்த ஒரு மெத்தையில் அவன் ஒரு மடிப்பைக்கூடக் கண்டதில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நாளைக்குப் பிரிச்சுச் சரி பண்ணிடறேன்."

"பண்ணிடு. உலகம் பூரா பார்க்கும். அதுல உன் வேலையும் இருக்கு."

அவள் பிரிக்கவில்லை. கையில் கத்தரியை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனாள், திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் மாஸ்டர் மரக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் பாதிரியார் வந்தார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பிடியில் கை வைத்து உட்காருவதுபோல் குனிந்து, உட்காராமலே நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அடேயப்பா! அம்மா, என்னமோ கேட்டேன், என்னமோ செஞ்சு வெச்சிருக்கார் உங்க வீட்டுக்காரர். இது பேசுது." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு சின்ன சங்கடம். பாதுகாப்பு ஆளுங்க நாளைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போறாங்க. மெஷின்ல விட்டுப் பார்ப்பாங்களாம். ஏதாவது இருக்குன்னு பட்டா மெத்தையைக் கிழிச்சுடுவாங்க. அதெல்லாம் தேவைப்படாதுன்னு சொல்லிட்டேன். தேவைப்படாது இல்ல?" என்றார்.

ஊசி மெத்தையின் இடது ஓரத்தையே பார்த்தாள்.

"அம்மா?"

அவள் மெதுவாக முழங்காலிட்டு, இடது ஓரத்துத் தையலை இரண்டு விரலால் பிரித்து, காகிதத்தை இழுத்து எடுத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல அதைப் பின்னால் மறைக்கவும் பார்த்தாள். பாதிரியார் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு எழுதினதில்லைன்னு தெரியுது. படிக்கலாமா?"

அவள் தலையசைத்தாள். அவர் படித்தார்.

"பரிசுத்த தந்தையே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெத்தையைத் தைத்தவள் நான். நாற்காலியைச் செய்தவர் என் கணவர். அவர் உங்களை ஒத்துக்கொள்ளாத சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் உங்களுக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று பலகையைப் பதினொரு தடவை இழைத்தார். பொய் பேசியதில்லை, என்னை ஒரு நாளும் அழ விட்டதில்லை. எங்கள் கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை. உங்கள் கையெழுத்து இல்லாமல் அது கல்யாணம் ஆகாது என்று எனக்குச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் நற்கருணை வாங்கவில்லை. கட்டவும் அவிழ்க்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு. தயவு செய்து எங்களைக் கட்டி விடுங்கள்."

படித்து முடித்த பிறகும் பாதிரியார் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போப்பாண்டவர் கையெழுத்து வேணும்னு யாரும்மா சொன்னது?"

"எங்க பெரியம்மா. முப்பது வருஷம் மறைக்கல்வி நடத்தினவங்க."

"பெரியம்மா இப்ப?"

"போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு."

"அங்க போய் பேதுருவைப் பார்த்திருப்பாங்க. அவரே சொல்லியிருப்பார், 'தாயே, ஒரு விஷயத்துல தப்பா சொல்லிட்டு வந்துட்டீங்க'ன்னு." அவர் முன்னால் சாய்ந்தார். "கேளுங்கம்மா. நீங்க எழுதினதுல பாதி ரொம்பச் சரி. கோயில் முறைப்படி உங்க கல்யாணத்துல ஒரு குறை இருக்கிறது வாஸ்தவம். கட்டவும் அவிழ்க்கவும் பேதுருகிட்ட ஆண்டவர் சாவி கொடுத்ததும் வாஸ்தவம். திருத்தந்தைக்கு மேல இந்தத் திருச்சபையில இன்னொரு தீர்ப்பு கிடையாது. ஆனா சாவி வெச்சிருக்கிறவர் ஒவ்வொரு கதவையும் தானே வந்து திறக்கணும்னு இல்ல. சட்டம் அவர் கொடுத்தது. இந்த மாதிரி கல்யாணத்துக்கு அனுமதி கொடுக்கிறது அந்தச் சட்டப்படி உங்க ஆயர். இதோ, இங்கேயிருந்து மூணு தெரு தள்ளி இருக்காரே, அவர். அவரும் அப்போஸ்தலர் வழி வந்தவர்தான்."

"மூணு தெருவா?"

"பேக்கரி பக்கத்துல போனா ரெண்டரை. ரோம் வரைக்கும் போற விஷயங்களும் இருக்கு. உங்களோடது இல்ல. உங்க பாவத்துக்கு நீங்களா பெரிய உத்தியோகம் போட்டுக் கொடுத்துட்டீங்க."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, பின்னால் பாலம் இருந்தது என்று யாரோ முதுகில் தட்டிச் சொன்ன மாதிரி இருந்தது.

"அவர் மதம் மாறணுமா ஃபாதர்?"

"வேண்டாம். ரெண்டு பேரும் என் முன்னாடி நின்னு, மனசறிஞ்சு, 'இவளை ஏத்துக்கறேன், இவரை ஏத்துக்கறேன்'னு சொல்லணும். ரெண்டு சாட்சி. முன்னாடியே நீங்க ஒரு பாவசங்கீர்த்தனம். ஆயர்கிட்ட நான் நாளைக்கே பேசறேன். திருப்பலிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு, அதுக்குள்ள முடியும். ஆனா ஒரு கையெழுத்தை என்னாலயும் வாங்க முடியாது, ஆயராலயும் முடியாது. திருத்தந்தையே ஆணை போட்டு வரவழைக்கவும் முடியாது."

"யாரோடது?"

"உங்க வீட்டுக்காரரோடது. அவர் மனசு. அவர்கிட்ட கேட்டீங்களா?"

ஊசி கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தின் மறுகோடியில் இருக்கிறவருக்கு நான்கு இரவு உட்கார்ந்து மனு எழுதத் தெரிந்தது. நான்கடி தள்ளி மரத்துக்குக் கோந்து தடவிக்கொண்டிருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

பாதிரியார் காகிதத்தை அவளிடமே நீட்டிவிட்டு எழுந்தார். போகிற போக்கில் இரண்டு சீட்டுகளை மேசைமேல் வைத்தார். "முன் வரிசை. நாற்காலி செஞ்சவங்களுக்கு."

அன்று சாயங்காலம் அவள் தையலைப் பிரித்து, இழுத்து, மறுபடி மூடினாள். மாஸ்டர் வந்து கண்ணை மூடி உட்கார்ந்தான். இந்தத் தடவை கை ஓரத்தில் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. "இது ஊசி வேலை," என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்காலி கிளம்பியது. தெருவே வாசலில் நின்றது. ஆறு பேர் கம்பளம் சுற்றித் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பாலிஷ்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துத் தூக்குங்கப்பா, அதுல என் எலும்பு பாதி இருக்கு," என்று கத்தினார். கறிகாய்க்காரி ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் பேரை நாற்காலிக்கு அடியில பொறிச்சிருக்காரா?" என்று கேட்டாள். பொறிக்கவில்லை. அவன் எதிலும் பெயர் போடுகிறவன் இல்லை. "மூட்டைப் பார்த்தாலே தெரியும்," என்றாள் ஊசி, தலையை நிமிர்த்தி.

வண்டி முனை திரும்பும்வரை மாஸ்டர் வாசலில் நின்றான். அப்புறம் உள்ளே வந்து, நாற்காலி இருந்த வெற்றிடத்தைச் சுற்றி நடந்தான். மற்றவர்களுக்கு அன்று விடுமுறை கொடுத்திருந்தான். வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தரையில் பாய் விரித்த மாதிரி விழுந்திருந்தது. பட்டறையில் இருவர் மட்டும்.

மேசைமேல் இருந்த சீட்டுகளை எடுத்துப் பார்த்தான்.

"நான் வரேன்," என்றான்.

"எங்க?"

"வேற எங்க? அவர் எழுந்திருக்கிறதை நான் பார்க்கணும். கைப்பிடி உயரம் சரியான்னு தெரிய வேண்டாமா? நீ கூப்பிடல, நானா வரேன். சண்டைக்கு வராதே." சீட்டைத் திருப்பிப் பார்த்தான். "பூசையில எல்லாரும் வரிசையா போய் என்னமோ வாங்குவாங்களே, நீ அப்ப எழுந்து போவியா? நான் மட்டும் தனியா உட்கார்ந்திருக்கணுமா? அங்க எப்ப உட்காரணும், எப்ப நிக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் போக மாட்டேன்."

"ஏன், எனக்குத் துணையா? அதெல்லாம் வேண்டாம். நீ போ."

"நான் போறதில்லைங்க. எப்பவும்."

"எப்பவும்னா?"

"நம்ம கல்யாணம் ஆன நாள்லேருந்து."

அவன் சீட்டை மேசைமேல் வைத்தான். ரொம்ப மெதுவாக வைத்தான். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவளைக் கோயில் வாசலில் கொண்டு விட்டவன் அவன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வாக்கு அப்படி.

"எதனால?"

"கோயில் முறைப்படி நம்ம கல்யாணம் முழுசாகலை. அப்படி இருந்தா நற்கருணை வாங்க முடியாது."

"முழுசாகலையா?" அவன் குரல் உயர்ந்தது. "நான் போட்ட கையெழுத்து பொய்யா? இருபத்திரண்டு வருஷம் யாரோட குடும்பம் நடத்தினேன்?"

"நீங்க போட்ட கையெழுத்துல ஒரு எழுத்துகூட பொய்யில்ல. உங்களைப் பத்தி யார் என்ன சொன்னாலும் நான் விட்டுக் கொடுத்ததில்ல. நாளைக்கும் கொடுக்க மாட்டேன். ஆனா நான் கும்பிடற இடத்துல, அதே வார்த்தையை நாம சொல்லலை. அதுதான் குறை. அதை போப்புதான் சரி பண்ணணும்னு நினைச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன்."

"போப்பா?" அவனுக்குக் கோபத்தின் நடுவிலும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். "அவர்தான் வராரே! கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். எழுதி மெத்தைக்குள்ள வெச்சேன்."

அவனுடைய இடது கை தானாக எழுந்து, காற்றில் மெத்தையின் ஓரத்தைத் தடவியது.

"அந்த மேடு!"

"ம்."

"என் நாற்காலியில... நீ..." அவன் ஒரு சுற்று நடந்து திரும்பி வந்தான். "சரி, அவர் என்ன பண்ணணும்?"

"அவர் ஒண்ணும் பண்ண வேண்டாமாம். ஆயர் அனுமதி போதுமாம். ஃபாதர் சொன்னார். இன்னும் ஒருத்தர் மனசு வெக்கணுமாம்."

"யாரு?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் புரிந்துகொண்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. மேசையின் விளிம்பில் சாய்ந்து நின்றான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கையில் உருட்டினான்.

"இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட கேக்கல?"

"கூப்பிட மாட்டேன்னு வாக்கு கொடுத்தேனே."

"யார் கேட்டா அந்த வாக்கை?"

"நீங்கதான்."

"எனக்கு அப்ப இருபத்தேழு வயசு! எங்கப்பா மேல இருந்த கோபத்துல என்னென்னமோ சொன்னேன். அதைப் போய் வேதவாக்கா வெச்சுக்கிட்டு..." பென்சிலை மேசைமேல் வைத்தான். "வாரா வாரம் உன்னை அந்த வாசல்ல இறக்கி விட்டேன். நீ உள்ள போய்ப் பட்டினி கிடந்துட்டு வந்திருக்கே. எனக்குத் தெரியவே இல்லையே, ஊசி."

அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் தலை குனியவில்லை. இந்த மனிதனின் மனைவியாக இருபத்திரண்டு வருஷம் நிமிர்ந்து நடந்தவள். இந்த ஒரு வார்த்தையையும் நிமிர்ந்தே கேட்பது என்று அவளுக்குள் ஏதோ முடிவு செய்தது.

"கேளு," என்றான் அவன். "உன் வாயால கேளு. ஆயருக்கும் வேண்டாம், போப்புக்கும் வேண்டாம். என்கிட்ட கேளு."

ஊசி முந்தானையில் கையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை. அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க," என்றாள். "என்னோட என் கோயிலுக்கு ஒரு தடவை வாங்க. ஃபாதர் முன்னாடி நின்னு, என்னை மறுபடியும் கட்டிக்கங்க."